ஷாநாமாவின் இந்தியப் பிரதிகள்: ஏட்டைப் பார்த்து ஊரைச் சொல்வது எப்படி?

கண்காட்சி ஒன்றில் கண்ணாடிப் பேழைக்குள் விரித்து வைத்திருந்த கையெழுத்துப் பிரதியைப் பார்த்ததாகவும், அதன் கீழே ‘ஷாநாமா, காஷ்மீர், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி’ என்று குறித்திருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஷாநாமா ஈரானிய அரசர்களைப் பாடும் காவியம்; நூலும் எழுத்தும் கதைமாந்தரும் பாரசீகமாக இருக்கும்போது அதை இந்தியப் பிரதி என்று எதை வைத்துச் சொல்கிறார்கள், மூலம் முடிந்து எட்டு நூற்றாண்டு கழித்து எழுதிய நகலுக்கு என்ன மதிப்பு இருக்க முடியும், இத்தகைய ஏடுகளின் தனித்தாள்கள் விற்பனைக்கு வந்தால் வாங்கலாமா என்பவை உங்கள் கேள்விகள். முதல் கேள்விக்கு ஏடே விடை சொல்லும். இரண்டாவதில்தான் அறிஞர்களும் நெடுங்காலம் தடுமாறினார்கள் என்பது என் எண்ணம். மூன்றாவதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

கிழக்கு ஈரானின் தூஸ் நகருக்கு அருகே 940-ஐ ஒட்டிப் பிறந்த பிர்தௌசி, தமக்கு முன் தக்கீகி என்ற கவிஞர் பாடி முடிக்காமல் விட்டுச்சென்ற ஏறத்தாழ ஆயிரம் ஈரடிகளையும் தம் நூலுக்குள் சேர்த்துக்கொண்டு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, 1010-இல் ஷாநாமாவை நிறைவு செய்தார். முதல் அரசன் கயூமர்ஸ் தொடங்கி ஏழாம் நூற்றாண்டில் அரபியர் ஈரானை வெல்லும் வரை ஐம்பது அரசர்களின் வரலாறும் புராணமும் அதில் உண்டு. ‘உயிருக்கும் அறிவுக்கும் இறைவனானவன் பெயரால்’ என்று தொடங்கும் முதல் அடியில் உள்ள அதே பதினோர் அசைச் சந்தம் நூல் முழுவதும் மாறாமல் ஓடுகிறது. மனப்பாடத்துக்கு எளிதான இந்தச் சந்தந்தான் பிற்காலத்தில் இடைச்செருகலுக்கும் எளிதாக வழிவிட்டது.

பேழையில் பார்க்கும்போது இரண்டு பக்கங்களே தெரிவதால் நூலின் பருமன் நமக்குப் புலப்படுவதில்லை. ஷாநாமாவை வழக்கமாக ஒரு பக்கத்துக்கு நான்கு பத்திகளாக எழுதுவார்கள். ஒரு வரியில் இரண்டு ஈரடிகள் அடங்கும். பக்கத்துக்கு 25 வரி என்றால் 50 ஈரடிகள், ஒரு தாளின் இரு புறமும் சேர்த்து 100. நூலில் ஏறத்தாழ 50,000 ஈரடிகள் இருப்பதால், படங்களுக்கு இடம் விடாமலே 500 தாள்கள் வேண்டும். மரபு சொல்வதுபோல் 60,000 என்று வைத்துக்கொண்டால் இன்னும் நூறு தாள் கூடும். ஆகவே ஷாநாமாவுக்குப் பிரதி எடுப்பது ஒரு புலவர் ஓய்வு நேரத்தில் செய்துகொள்ளும் வேலை அல்ல. தாளுக்கும் மைக்கும் பொன்னுக்கும் முதல் போட ஒருவர், எழுத ஒருவர், கோடு போடவும் முகப்பை அலங்கரிக்கவும் படம் வரையவும் கட்டடம் கட்டவும் தனித்தனி ஆட்கள் என்று ஒரு பட்டறையே அதற்கு வேண்டியிருந்தது. அந்தப் பட்டறை எந்த ஊரில் இருந்ததோ அந்த ஊரின் பழக்கங்கள் ஏட்டின் ஒவ்வோர் அங்கத்திலும் தங்கிவிடுகின்றன.

தாளிலிருந்து தொடங்குவோம். காஷ்மீரத்துக் காகிதத்தொழிலைப் பதினைந்தாம் நூற்றாண்டில் சுல்தான் ஜைனுல் ஆபிதீன் சமர்கந்திலிருந்து கொண்டுவந்தார் என்பது அங்குள்ள மரபுச் செய்தி. ஸ்ரீநகரின் நௌஷஹ்ரா பகுதி காகிதக்காரர்களின் இடமாக இருந்தது. கந்தலையும் சணல்நாரையும் நீர்விசையால் இயங்கும் உலக்கைகளால் இடித்துக் கூழாக்கி, தாளாக எடுத்து, அரிசிக்கஞ்சி பூசி உலர்த்தி, பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். நாணல் பேனா தடையின்றி வழுக்கிச் செல்லவும் மை தாளுக்குள் ஊறிப் பரவாமல் மேலேயே நிற்கவும் இந்தக் கஞ்சியும் மெருகுமே காரணம். 1783-இல் காஷ்மீர் வழியாகப் பயணம் செய்த ஜார்ஜ் ஃபார்ஸ்டர், கிழக்குநாடுகளிலேயே மிகச் சிறந்த எழுதுதாள் அங்கேதான் செய்யப்படுகிறது என்று எழுதிவைத்தார். தாள் நல்லதாகவும் அருகிலேயும் கிடைத்ததால், ஆப்கானியர் ஆண்ட காலத்திலும், 1819-க்குப் பின் சீக்கியர் ஆண்ட காலத்திலும், காஷ்மீர் பாரசீக நூல்களைச் சந்தைக்கென்றே பிரதி எடுக்கும் களமாக இருந்தது. சால்வையைப் போல ஏடும் அங்கிருந்து வெளியூர் போன சரக்கு. கட்டட அட்டையிலும் அந்த ஊரின் கைவண்ணம் தெரியும். ‘கார்-எ-கலம்தானி’ என்று அங்கே வழங்கிய, எழுதுகோல் பெட்டிகளின் மீது செய்யும் அதே பூவேலையும் மெருகெண்ணெய்ப் பூச்சும் நூலட்டைகளின் மேலும் ஏறின.

அடுத்தது எழுத்து. ‘மிஸ்தர்’ என்பது நூலிழைகளை வரிசையாக இழுத்துத் தைத்த அட்டை. அதன் மேல் தாளை வைத்து விரலால் அழுத்தினால் மை படாத வரிக்குழிகள் பதியும். பழைய ஏட்டைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் இந்தக் குழிகள் இன்றும் தெரியும். எழுத்து நஸ்தலீக், வலமிருந்து இடமாகச் சரிந்து தொங்குவதுபோல் ஓடுவது. இந்தியக் கையில் எழுதிய நஸ்தலீக், ஈரானியக் கையைவிடச் சற்று அகலமாகவும் உருண்டும் இருக்கும் என்று பழகிய கண்கள் சொல்லும். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டுவது ஆபத்து, ஏனெனில் ஈரானில் பயின்ற எழுத்தர்கள் இந்தியாவிலும், இந்தியாவில் பயின்றவர்கள் ஈரானிய முறையிலும் எழுதியிருக்கிறார்கள். அக்பரிடம் ‘ஜர்ரீன் கலம்’, அதாவது பொன்எழுதுகோல், என்று பட்டம் பெற்ற முஹம்மத் ஹுசைன் காஷ்மீரத்தவர்தான்.

ஏட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத்தர் எழுதும் முடிவுக் குறிப்பு இதைவிட உறுதியான சான்று. வரிகள் படிப்படியாகக் குறுகி முக்கோணமாக முடியும் அந்தக் குறிப்பில் ‘தமாம் ஷுத்’, அதாவது முற்றிற்று, என்ற சொல்லும், ஹிஜ்ரி ஆண்டும், வாய்த்தால் எழுத்தரின் பெயரும் ஊரும் இருக்கும். தில்லிப் பேரரசர் ஒருவரின் ஆட்சியாண்டையோ விக்கிரம சகாப்தத்தையோ சேர்த்திருந்தால் அது இந்தியாவில் எழுதியது என்பதில் ஐயமில்லை. எழுத்தர் முஸ்லிமாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பாரசீகம் அரசாங்க மொழியாக இருந்தவரை காஷ்மீரப் பண்டிதர்களும் எழுத்துப்பணி மரபினரான காயஸ்தர்களும் அதில் தேர்ந்த எழுத்தர்களாக இருந்தார்கள். இந்திய ஏடுகளின் முடிவில் ஓர் ஈரடி அடிக்கடி வரும்: ‘எழுதியது வெள்ளை மீது கருப்பாய் நிலைக்கும், எழுதியவனுக்கோ நாளை உண்டு என்ற நம்பிக்கை இல்லை.’ பிழை கண்டால் சினம் கொள்ளாதே என்று வாசகனிடம் வேண்டும் இன்னோர் ஈரடியும் உண்டு. பிழை பொறுக்கச் சொல்லி முடியும் நம் ஓலைச்சுவடிகளைப் புரட்டியவர்களுக்கு இந்தக் குரல் புதிதாக இருக்காது.

படங்களுக்கு வருவோம், ஏனென்றால் பெரும்பாலோர் பார்ப்பது அவற்றைத்தான். எழுத்தர் முதலில் எழுதிக்கொண்டு போவார். படம் வர வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த ஈரடிக்குப் போய்விடுவார். ஓவியர் பிறகு வருவார். ஆகவே படத்தை ஒட்டி மேலே நிற்கும் ஈரடி எது என்று பார்த்தால், எந்தக் கணத்தை வரையச் சொன்னார்கள் என்பது தெரிந்துவிடும். அந்த ஈரடியோடு படம் பொருந்தவில்லையென்றால் ஓவியர் பாரசீகம் படிக்கத் தெரியாமல் வாய்மொழிக் குறிப்பைக் கேட்டு வரைந்திருக்கலாம், அல்லது படம் பிற்காலத்தது.

காஷ்மீர்ப் படங்களில் செம்மஞ்சளும் நீலமும் ஊதா கலந்த இளஞ்சிவப்பும் நிழலின்றித் தட்டையாகப் பூசப்பட்டிருக்கும். முகங்கள் ஒரே அச்சில் வார்த்தவை போலத் திரும்பத் திரும்ப வரும். கடைத்தெருவுக்கென்று வேகமாகச் செய்த வேலை என்பது மறைக்க முடியாதது. ஆனால் காவியத்தின் தலைசிறந்த வீரன் ருஸ்தம் தன் மகன் என்று அறியாமல் சோராபைக் குத்திவிட்டு, அவன் கையில் கட்டியிருந்த தாயத்தைப் பார்க்கும் இடத்தை எத்தனை அவசரமான ஓவியரும் விட்டுவிடுவதில்லை. சிறகு விரித்த சிமுர்க் பறவை, வெள்ளை அரக்கனோடு ருஸ்தம் குகையில் புரியும் போர், தன் மாசின்மையை நிறுவத் தீக்குள் குதிரையை விடும் இளவரசன் சியாவுஷ் ஆகியவையும் அப்படித்தான். சியாவுஷின் அந்தக் காட்சியைப் பார்க்கும் இந்தியக் கண்ணுக்குச் சீதை நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. ஏட்டுக்குப் பணம் கொடுத்தவருக்கும் வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இந்தியா இந்தக் காவியத்துக்கு வெளியே நிற்கும் நாடும் அல்ல. ஈரானிய அரசன் நௌஷிர்வான் அவைக்கு இந்திய அரசன் சதுரங்கப் பலகையை அனுப்பி, இதன் விதிகளைக் கண்டுபிடித்தால் திறை செலுத்துகிறேன் என்று சவால் விடுகிறான். புஜுர்ஜ்மிஹ்ர் என்ற அமைச்சர் ஒரு பகலும் ஓர் இரவும் சிந்தித்து அதை அவிழ்த்துவிட்டு, பதிலுக்கு ‘நர்து’ என்ற தாயாட்டத்தை அமைத்து இந்தியாவுக்குக் கொண்டுபோகிறார். இறந்தவரை எழுப்பும் மூலிகையைத் தேடி இந்தியாவுக்கு வரும் புர்ஜோய் என்ற மருத்துவர், அந்த மூலிகை ஒரு நூல்தான் என்று அறிந்து அதை ஈரானுக்குக் கொண்டுசெல்கிறார். அங்கே கலீலா-திம்னா என்று பெயர் பெற்ற அந்த நூல் நம் பஞ்சதந்திரத்தின் வழிவந்தது. ஈரானிய அரசன் பஹ்ராம் கோர் மாறுவேடத்தில் வந்து, இந்திய அரசன் ஷங்குலின் நாட்டில் ‘கர்க்’ என்னும் கொடிய விலங்கைக் கொன்று, அவன் மகளை மணந்துகொள்கிறான். காண்டாமிருகத்தைப் பார்த்திராத ஈரானிய ஓவியர்கள் இந்தக் கர்க்கைக் கொம்பு முளைத்த ஓநாய்போல எல்லாம் வரைந்திருக்கிறார்கள். யானையிலும் இதே வேறுபாடு உண்டு. ஈரானிய ஏடு பலவற்றில் யானையின் கால்கள் தூண்களாகவும் துதிக்கை குழாயாகவும் இருக்கும். இந்திய ஓவியர் வரைந்தால் மதம் பிடித்த யானையின் காதுமடிப்பும் நடையும் நேரில் கண்டவை என்று தெரியும். ஏட்டின் ஊரை ஊகிக்க முகங்களைவிட யானையை நம்பலாம் என்பது என் கட்சி.

காஷ்மீர்ச் சந்தைக்குச் சில நூற்றாண்டு முன்னரே இங்கே ஷாநாமாவுக்குப் படம் எழுதியிருக்கிறார்கள். ஜூரிக் நகரின் ரீட்பெர்க் அருங்காட்சியகத்தில் உள்ள, பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓர் ஏட்டின் படங்கள், மேற்கிந்தியச் சமணக் கல்பசூத்திர ஏடுகளின் ஓவியமுறையில் அமைந்தவை. பாரசீகப் போர்வீரர்களைச் சமண ஏடுகளுக்குப் பழகிய கை வரைந்திருக்கிறது. எனக்கு இதைவிட வியப்பான இந்தியப் பிரதி வேறில்லை. முகலாயர்களோ ஏட்டை வாரிசுச் சொத்தாகக் கொண்டுவந்தவர்கள். 1440-களில் ஹெராத்தில் தைமூரின் பேரன் முஹம்மத் ஜூகிக்காக எழுதிய ஷாநாமா, பாபரோடு இந்தியா வந்து, ஹுமாயூன், ஜஹாங்கீர், ஷாஜஹான், ஔரங்கசீப் ஆகியோரின் முத்திரைகளைத் தாங்கி, இன்று லண்டனில் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியில் இருக்கிறது. அது இந்தியாவில் எழுதிய பிரதி அல்ல. ஆனால் இந்திய நூலகத்தில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்த பிரதி.

அக்பருக்குப் படித்துக் காட்டிய நூல்களின் பட்டியலில் அவரது அவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபஸ்ல் ஷாநாமாவையும் சேர்க்கிறார். அதன் விளைவை அதே காலத்து வரலாற்றாசிரியர் பதாவூனி சற்று எரிச்சலோடு பதிவு செய்கிறார்: ஷாநாமாவையும் அமீர் ஹம்சா கதையையும் பெரும் பொருட்செலவில் எழுதவும் வரையவும் செய்த பின், இவை வெறும் கற்பனைதானே, இந்துக்களின் பழைய நூல்களை ஏன் பெயர்க்கக் கூடாது என்று பேரரசருக்குத் தோன்றியதாம். 1582-இல் தொடங்கிய மகாபாரதத்தின் பாரசீக மொழிபெயர்ப்பான ரஸ்ம்நாமா அப்படிப் பிறந்தது. ஷாஜஹான் காலத்தில், 1653-இல், கஜினியின் ஆளுநர் ஷம்ஷீர் கானுக்காகத் தவக்குல் பேக் என்பவர் ஷாநாமாவைச் சுருக்கி உரைநடையாக்கி, இடையிடையே தேர்ந்த ஈரடிகளை மட்டும் வைத்தார். இந்தச் சுருக்கத்துக்கு இந்தியாவில் ஏராளமான பிரதிகள் உண்டு. நீங்கள் பார்த்த ஏட்டில் எழுத்து நான்கு பத்திகளாக இல்லாமல் முழு வரியாக ஓடியிருந்தால், அது மூல ஷாநாமாவாக இல்லாமல் இந்தச் சுருக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். பெயர்ப்பலகை எழுதுவோர் இரண்டையும் ‘ஷாநாமா’ என்றே எழுதிவிடுவது உண்டு.

இனி மதிப்பைப் பற்றி. மூலபாடத்தை நிறுவும் பதிப்பாசிரியருக்குப் பிற்கால இந்தியப் பிரதிகள் பெரிதும் உதவா என்பதை மறுக்க முடியாது. இப்போது கிடைப்பவற்றில் மிகப் பழையது 1217-ஆம் ஆண்டுக்குரிய ஃப்ளாரன்ஸ் பிரதி, அதுவும் நூலின் முற்பாதி மட்டுமே. அடுத்தது 1276-க்குரிய லண்டன் பிரதி. அவற்றோடு ஒப்பிட்டால் நம் பிரதிகள் கொழுத்துப் போனவை. தொடக்கத்தில் பதினைந்தாம் நூற்றாண்டில் ஹெராத்தில் இளவரசர் பாய்சுங்குருக்காக எழுதிய முன்னுரை நிற்கும். சோராபின் மகன் பர்சூவின் கதையைச் சொல்லும் பர்சூநாமா என்ற தனிக்காவியமே உள்ளே புகுந்திருக்கும். ருஸ்தம் சிறுவனாக இருந்தபோது வெள்ளை யானையைக் கொன்றது போன்ற செருகல்களும் இருக்கும். கஜினியின் சுல்தான் மஹ்மூத் வாக்களித்தபடி பரிசு தராததால் பிர்தௌசி பாடியதாகச் சொல்லும் வசைப்பாட்டும் பெரும்பாலும் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் நிஜாமி அரூஸி எழுதிய கதைப்படி, மனம் மாறிய மஹ்மூத் அறுபதினாயிரம் தீனார் பெறுமான அவுரி நீலத்தை ஒட்டகங்களில் அனுப்ப, அது தூஸின் ஒரு வாயில் வழியாக நுழைந்தபோது மறு வாயில் வழியாகக் கவிஞரின் பாடை வெளியே போய்க்கொண்டிருந்தது. கதை மெய்யோ பொய்யோ, பரிசாக வந்தது அவுரி என்பது எனக்குச் சுவையான செய்தி.

ஆனால் இந்தக் கொழுத்த பாடத்தைத்தான் இந்தியாவில் ஐந்நூறு ஆண்டு ‘ஷாநாமா’ என்று படித்தார்கள், அவையில் ஓதினார்கள், பார்சிகள் தம் முன்னோர் வரலாறாகப் போற்றினார்கள். உலகிலேயே முதன்முதலாக முழு ஷாநாமா அச்சேறியதும் இங்கேதான்: 1811-இல் லம்ஸ்டன் கல்கத்தாவில் முதல் தொகுதியோடு நிறுத்திய வேலையை, 1829-இல் டர்னர் மெக்கன் அதே நகரில் நான்கு தொகுதிகளாக முடித்தார். அவருக்குக் கைக்கெட்டியவை இந்தியாவில் புழங்கிய பிரதிகள். ஆகவேதான் பர்சூநாமா அவர் பதிப்பின் பின்னிணைப்பில் இடம்பெற்றது. 1846-இல் பம்பாயில் படங்களோடு கல்லச்சில், அதாவது கல்லின் மேல் எழுதி அச்சிடும் முறையில், ஷாநாமா வந்தது. தெஹ்ரானின் கல்லச்சு அதற்கும் பிந்தியது. அந்தக் கல்லச்சுதான் எழுத்தரின் பிழைப்பைக் கெடுத்தது. கம்பெனி ஆட்சி 1837-இல் பாரசீகத்தை நீதிமன்றத்திலிருந்து நீக்கியதும், காஷ்மீரில் 1889-இல் அதன் இடத்தில் உருது வந்ததும் மிச்சத்தை முடித்துவைத்தன. நீங்கள் பார்த்தது அச்சுக்கு ஒரு தலைமுறை முன்னால் எழுதிய, அந்தப் பட்டறைகளின் கடைசி வரிசை வேலைகளில் ஒன்று. பிர்தௌசி என்ன எழுதினார் என்பதை அதனிடம் கேட்கக் கூடாது, இந்தியாவில் எதைப் படித்தார்கள் என்பதைக் கேட்டால் அதைவிட நல்ல சாட்சி இல்லை.

வாங்கலாமா என்ற கேள்வியில் நான் கண்டிப்பானவன். தனித்தாள் என்றாலே ஒரு முழு ஏட்டை யாரோ பிரித்திருக்கிறார்கள் என்று பொருள். ஷா தஹ்மாஸ்புக்காக ஈரானில் எழுதிய, 258 படங்கள் கொண்ட ஷாநாமாவே 1959-க்குப் பின் ஓர் அமெரிக்கச் சேகரிப்பாளர் கையில் தாள்தாளாகப் பிரிந்து போயிற்று. காஷ்மீர் ஏட்டுக்கு யார் இரங்குவார்கள்? அதோடு, விற்பனைக்கு வருபவற்றில் பல, படமே இல்லாத பழைய ஏட்டின் தாள்மீது அண்மையில் வரைந்தவை. படத்தின் வண்ணத்துக்கு அடியில் எழுத்து நிழலாடினாலும், சுற்றியுள்ள வாசகம் ஷாநாமாவாக இல்லாமல் கணக்காகவோ மருத்துவமாகவோ இருந்தாலும் அது அந்த வகை. 1828-இல் கண்டுபிடித்த செயற்கை நீலம் ‘பதினேழாம் நூற்றாண்டு’த் தாளில் இருந்தாலும் அப்படியே. செப்பிலிருந்து செய்த பழைய பச்சை வண்ணம் காலப்போக்கில் தாளை அரித்துப் பழுப்பாக்கி மறுபக்கத்திலும் தெரியும். பழைமையானது என்று சொல்லும் படத்தில் பச்சை இருந்தால் தாளைத் திருப்பிப் பாருங்கள். எழுபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட, வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பவோ கொண்டுபோகவோ முடியாது.

மறுபடியும் அந்தக் கண்காட்சிக்குப் போக வாய்த்தால், முதல் தாளின் மேல் ஓரத்தையோ கடைசித் தாளையோ காட்ட முடியுமா என்று காப்பாளரிடம் கேளுங்கள். ‘யா கபீகஜ்’ என்று சிறிய எழுத்தில் இருக்கக்கூடும். பூச்சிகளின் தலைவனாகக் கருதப்பட்டவனின் பெயர் அது. தன் குடிகளை இந்த ஏட்டிலிருந்து விலக்கிவை என்று அவனிடம் வைக்கும் வேண்டுகோள். அந்த வேண்டுகோளுக்கு நடுவிலேயே பூச்சி துளைத்துப் போயிருந்தால் நகைக்காதீர்கள். பல ஏடுகளில் அப்படித்தான் இருக்கிறது.